கடன் திருநாட்கள்

மறைக்கல்வி வகுப்பில் நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த சொற்களுள் ஒன்று 'கடன் திருநாள்'. திருப்பலியில் பங்கேற்றே ஆகவேண்டிய திருநாள் என்பது அதன் பொருள். தமிழில் கடன் என்றால் கடமை. திருப்பித் தரவேண்டிய பணமும் கடன்தான். மறைக்கல்வி நூல் முதற்பொருளை மட்டுமே சொல்லிற்று. நம் வாழ்க்கையோ இரண்டாம் பொருளையும் அதனுள் நுழைத்துவிட்டது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக அடகுக் கடைக்குப் போன வளையல் பாஸ்கா முடிந்தும் வீடு திரும்புவதில்லை. இளைய மகனின் புதுநன்மை விருந்துக்கு வாங்கிய பணத்தை அடைக்குமுன்பே மூத்த மகளின் திருமண ஓலை கோவிலில் வாசிக்கப்படுகிறது. பங்குத் திருநாளின் கடைசி நாளில் தேர் நிலைக்கு வந்துவிடுகிறது. திருநாளுக்காக வாங்கிய கடன் மட்டும் ஆண்டு முழுவதும் தெருவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதைக் குறித்து நம் பங்குகளில் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அது அவரவர் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். பேச நேர்ந்தாலும் இரண்டே வாக்கியங்களில் முடித்துக்கொள்கிறோம். கடன் வாங்குபவர், "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். கடனில் மூழ்கியவரைப் பார்த்து நாம், "ஆண்டவரை நம்புங்கள்" என்கிறோம். இரண்டும் விசுவாசத்தின் மொழிபோலவே ஒலிக்கின்றன. இரண்டுமே விசுவாசம் ஆகா என்பதே நம் வாதம். முதலாவது ஆண்டவரைச் சோதிப்பது. இரண்டாவது ஆண்டவர் நம்மிடம் ஒப்படைத்த பணியை அவரிடமே திருப்பி அனுப்பிவிடுவது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கக் கடன்பட்ட தாயையோ, கல்லூரிக் கட்டணத்திற்காக வங்கியின் படியேறிய தந்தையையோ, வலையும் படகும் வாங்கக் கடன் எடுத்த மீனவரையோ நாம் குறைகூற வரவில்லை. தேவைக்குக் கடன் வாங்குவதைத் திருநூல் பாவமென்று சொல்லவில்லை. தேவையுள்ளவன் கேட்கும்போது கொடு என்றுதான் சொல்கிறது. நாம் பேசவந்தது மதிப்புக்காக வாங்கும் கடனைப் பற்றி. அந்த மதிப்பை விலைபேசி வைத்திருக்கும் நம்மைப் பற்றி.

கோபுரத்தின் உச்சியில்

கொத்து வேலை செய்யும் ஒரு தந்தையை நினைத்துக்கொள்வோம். அவருக்குப் பெயர் தேவையில்லை. நம் எல்லாப் பங்குகளிலும் அவர் இருக்கிறார். மகளுக்குத் திருமணம். மண்டபம், பந்தல், கறிவிருந்து, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பட்டு என்று கணக்குப் போட்டுப் பார்க்கையில் ஒரு லட்சம் ரூபாய் குறைகிறது. "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஐந்து வட்டிக்குப் பணம் எடுக்கிறார். ஐந்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து, ஆண்டுக்கு அறுபது. மாதம் 5,000 ரூபாய் வட்டியாகவே போகிறது. இருபது மாதத்தில் அவர் வாங்கிய தொகை முழுவதையும் வட்டியாகக் கட்டிவிடுகிறார். மூன்று ஆண்டுகள் கழிந்தால் 1,80,000 ரூபாய் கட்டியிருப்பார். அந்த ஒரு லட்சமோ ஒரு ரூபாயும் குறையாமல் அப்படியே நிற்கும். அதற்குள் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் வந்துவிடுகிறது. அதற்கும் ஒரு விருந்து.

அவர் கையெழுத்திட்ட அன்று சொன்ன வார்த்தை, "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்பது. அந்த வார்த்தைக்கு அவர் ஆதாரமாகக் கொண்டது மலைப்பொழிவில் நம் ஆண்டவர் சுட்டிக்காட்டிய வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும். அந்தப் பகுதியை மீண்டும் ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்ப்போம் (மத் 6:25-34). எதை உண்பது, எதை உடுப்பது என்ற கவலையிலிருந்து நம்மை விடுவிக்கத்தான் இயேசு அங்கே பேசுகிறார். நாமோ எதை உண்பது, எதை உடுப்பது என்ற கவலைக்காகவே கடன் வாங்கிவிட்டு, அந்தக் கடனுக்கு அதே மலர்களைப் பிணை வைக்கிறோம். சாலமோனைவிட அழகாக உடுத்தியிருந்த அந்த மலர்கள் பட்டுப்புடவைக்காக யாரிடமும் கைநீட்டவில்லை.

கோவில் கோபுரத்தின் உச்சியில் நின்று அலகை இயேசுவிடம் சொன்னதும் ஒரு விசுவாச வாக்கியம்தான். குதித்துவிடும், வானதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றது. அதற்குத் திருப்பாடலையே சான்று காட்டியது. கடவுளைச் சோதிக்கலாகாது என்று சொல்லி ஆண்டவர் மறுத்துவிட்டார் (மத் 4:5-7). தந்தை காப்பார் என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. தேவையில்லாமல் குதிப்பவன் நம்பிக்கையின் பெயரால் தந்தையைக் கட்டாயப்படுத்துகிறான் என்பதே அவர் காட்டிய உண்மை. வருமானத்தைக் கணக்கிடாமல் ஐந்து வட்டிக்குக் கையெழுத்திடுவது அந்த உச்சியிலிருந்து குதிப்பதற்கு எந்த வகையில் வேறுபட்டது? கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று சொன்னவரும் அதே ஆண்டவர் அல்லவா (லூக் 14:28)? கையில் பணம் இல்லாதபோது கடன் வாங்கி விருந்து வைத்து ஏழையாகிவிடாதே என்று சீராக்கின் ஞானநூல் எச்சரிக்கிறது (சீஞா 18:33). நம் விவிலியத்தில் இருந்தும் நம் திருமண விருந்துகளில் ஒருநாளும் வாசிக்கப்படாத வசனம் அது.

எண்ணெய்க் குடங்கள்

கடன்பட்டவருக்குக் கடவுள் உதவிய நிகழ்ச்சியும் திருநூலில் இருக்கிறது. இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோகிறார். அவர் வைத்துவிட்டுப்போன கடனுக்காக இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக இழுத்துச்செல்லக் கடன்காரன் வந்து நிற்கிறான். கைம்பெண் எலிசாவிடம் அழுகிறார் (2 அர 4:1-7). கவலைப்படாதே, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி எலிசா அவரை அனுப்பிவிடவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு கலயத்தில் கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது. அண்டை வீட்டாரிடம் போய் வெறுங்குடங்களைக் கேட்டு வாங்கி வா, சிலவற்றோடு நின்றுவிடாதே என்கிறார். குடங்கள் நிரம்புகின்றன. எண்ணெயை விற்று முதலில் கடனை அடை, மிஞ்சியதைக் கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்கிறார்.

இந்த அற்புதத்தில் மூன்று செய்திகளை நாம் கவனிக்கத் தவறுகிறோம். கடன் மாயமாய் மறையவில்லை, அது அடைக்கப்பட்டது. வந்த வருவாய் விருந்துக்குப் போகுமுன் கடனுக்குப் போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அண்டை வீட்டார் குடம் கொடுத்தார்கள். அவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு, "ஆண்டவரை நம்பு" என்று திண்ணையிலிருந்து குரல் கொடுத்திருந்தால் எண்ணெய் எதில் நிரம்பியிருக்கும்? கடைசிக் குடம் நிரம்பியதும் எண்ணெய் நின்றுவிட்டது என்கிறது திருநூல். கடவுளின் கொடை அண்டை வீட்டார் தந்த குடங்களின் அளவுக்கே வந்தது.

ஆகவேதான் கடன்பட்டவனை மட்டும் கூண்டில் ஏற்றி நாம் தீர்ப்பெழுத முடியாது. அவனுக்கு அறிவுரை சொல்வது எளிது. "வரவுக்குள் செலவு செய்" என்று சொல்ல யாராலும் முடியும். ஆனால் அந்தக் கொத்தனாரின் மகளுக்கு மண்டபம் கட்டாயம் என்று யார் விதித்தது? எளிமையாக, கோவில் வளாகத்தில் காப்பியும் பலகாரமும் கொடுத்து மணம் முடித்த குடும்பத்தைப் பற்றி அன்பியக் கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் நாம் என்ன பேசினோம்? மொய் நோட்டில் நாம் எழுதிய தொகையைவிட அதிகமாக அவர் நமக்குத் திருப்பி எழுதவேண்டும் என்று எதிர்பார்த்தவர் யார்? திருநாள் வரியை ஒலிபெருக்கியில் அறிவித்தவர்களும் அதைக் கைதட்டி வரவேற்றவர்களும் நாம்தானே? வரி பாக்கி இருக்கிறது என்பதற்காக ஒரு வீட்டுத் திருமணத்துக்கு ஓலை எழுதத் தயங்கும் வழக்கம் எங்கேனும் இருக்குமானால், அது திருச்சபையின் சட்டத்துக்கே எதிரானது. வறுமையின் காரணமாக யாருக்கும் அருளடையாளங்கள் மறுக்கப்படலாகாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது (எண் 848).

இன்னொன்றையும் கூசாமல் சொல்லவேண்டும். வட்டிக்குக் கொடுப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 10,000 என்று எழுதி வாங்கிக்கொண்டு 8,500 மட்டும் கையில் தந்து, நாள் ஒன்றுக்கு 100 வீதம் நூறு நாள் தண்டல் பிரிப்பவர் ஞாயிறு திருப்பலியில் முன்வரிசையில் அமர்ந்திருக்கலாம். அவர் உபயம் செய்த மின்விசிறியின் கீழேயே அவரிடம் கடன்பட்டவரும் அமர்ந்திருக்கலாம். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் 2003-இல் வந்தது. அதன்பின்னும், 2017 அக்டோபரில், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் கந்துவட்டிக் கொடுமை தாளாமல் தீக்குளித்து மாண்டது. பெற்றோரும் இரண்டு பெண் குழந்தைகளும். பேராசையோடு வட்டித்தொழில் நடத்திப் பிறரைப் பசிக்கும் சாவுக்கும் தள்ளுபவர்கள் மறைமுகமாகக் கொலை செய்கிறார்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது (எண் 2269). ஐந்தாம் கட்டளையின் கீழ் வைத்து அது இதைச் சொல்கிறது என்பதையும் நாம் நினைவில் கொள்வோம்.

இவர்களோடு சேர்த்துக் கண்டிக்கத்தக்க இன்னொரு குரலும் உண்டு. "ஆயிரம் காணிக்கை வையுங்கள், ஆண்டவர் பத்தாயிரமாகத் திருப்பித் தருவார், உங்கள் கடன் தீரும்" என்ற போதனை பிற சபைகளின் மேடைகளிலிருந்து கிளம்பி, இன்று நம் செபக்கூட்டங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கடன் தீர்ந்தவர் மேடையேறிச் சாட்சியம் சொல்கிறார். காணிக்கை வைத்தும் தீராதவர் பின்வரிசையில் தலைகுனிந்து, தம் விசுவாசம் போதவில்லை என்று நம்பிக்கொண்டு வீடு திரும்புகிறார். கந்துவட்டிக்காரரும் கேட்கத் துணியாத இலாபத்தைக் கடவுளின் பெயரால் வாக்களிக்கும் இந்தப் போதனை, வானகத் தந்தையையே ஒரு வட்டிக்கடைக்காரராக்கிவிடுகிறது.

நம்பவேண்டியவர் யார்?

பண விஷயத்தில் ஆண்டவரை நம்பு என்று திருநூல் யாரிடம் சொல்கிறது? இணைச்சட்ட நூலின் 15-ஆம் அதிகாரத்தைப் புரட்டுவோம். ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்கள் விடுவிக்கப்படவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். விடுதலை ஆண்டு நெருங்கும்போது கொடுப்பவன் தயங்குவான். இப்போது கொடுத்தால் திரும்ப வராதே என்று கணக்குப் போடுவான். அந்தத் தயக்கத்தைத்தான் திருநூல் தீய எண்ணம் என்கிறது. மனம் வருந்தாமல் கொடு, உன் கடவுள் உன் உழைப்பில் உனக்கு ஆசி வழங்குவார் என்கிறது (இச 15:9-10). அதாவது இங்கே கடவுளை நம்பும்படி கட்டளை பெறுபவன் கடன் கொடுப்பவன். திரும்பப் பெறும் எண்ணமின்றிக் கடன் கொடுங்கள் என்று நம் ஆண்டவர் சொன்னதும் இருப்பவர்களிடமே (லூக் 6:35). நாமோ நம்பிக்கை என்னும் கடமையை ஏழையின் தலையில் ஏற்றிவிட்டு, பிணைப்பத்திரத்தை நம் பெட்டியில் பூட்டிக்கொண்டோம்.

நெகேமியா செய்தது வேறு. எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்த நாட்களில், வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்து, கடைசியில் பிள்ளைகளையும் அடிமைகளாக்க நேர்ந்த மக்கள் அவரிடம் முறையிட்டார்கள். அவர் சினந்தெழுந்து தலைவர்களைக் கூட்டிக் கண்டித்தார். தாமும் தம் சகோதரரும் கடன் கொடுத்திருந்ததை மறைக்காமல் ஒத்துக்கொண்டார். பிறகு, அடகு வாங்கியவற்றையும் வட்டியையும் அன்றே திருப்பித்தர அவர்களை ஆணையிடச் செய்தார் (நெகே 5:1-13). பாதி எழுந்த மதில் காத்திருந்தாலும் பரவாயில்லை, முதலில் மக்களின் வயல் திரும்பட்டும் என்று அவர் நினைத்தார். கோவில் கோபுரத்துக்கு நிதி திரட்டும் நாம் இதைத் தியானிப்பது நல்லது.

திருச்சபையும் இந்த வழியை மறந்துவிடவில்லை. நான்காம் நூற்றாண்டில் செசரியா ஆயரான புனித பசிலியார் வட்டி வாங்குவோரைக் கடுமையாகச் சாடிய மறையுரையிலேயே, கடன் வாங்கத் துடிப்போரையும் தடுத்து நிறுத்தினார். 1179-இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், வெளிப்படையாக வட்டித்தொழில் செய்வோருக்கு நற்கருணையையும் கிறிஸ்தவ அடக்கத்தையும் மறுத்தது. கண்டனத்தோடு திருச்சபை நின்றுவிடவும் இல்லை. 1462-இல் இத்தாலியின் பெருஜா நகரில் பிரான்சிஸ்கன் துறவியரின் முயற்சியால், ஏழைகள் பொருளை அடகு வைத்துக் குறைந்த செலவில் பணம் பெறும் அறநிதி தொடங்கிற்று. அப்படிப்பட்ட நிதிகளை ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் 1515-இல் ஏற்றுக்கொண்டது. கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியாவில் மோசஸ் கோடி என்ற குரு, 1928 முதல் மீனவரையும் உழவரையும் சிறு படிப்பு வட்டங்களாகக் கூட்டினார். அவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே பார்க்கவும் தங்கள் சேமிப்பிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கவும் வழிகாட்டினார்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். நம் தென்கரையில், கடன் கொடுத்த வியாபாரியிடமே மீனை விற்றாகவேண்டும் என்ற கட்டு தலைமுறை தலைமுறையாக இருந்தது. வட்டி என்று அவர் தனியாக எதுவும் கேட்கவேண்டியதில்லை. மீனின் விலையிலேயே அதை எடுத்துக்கொள்வார். திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாடு என்ற கடற்கரை ஊரில், மறைமாவட்டத்தின் சமூகப்பணி ஊன்றிய விதையிலிருந்து மீனவரின் சொந்தச் சங்கம் எழுந்தது. கரையில் நடக்கும் முதல் விற்பனையைச் சங்கமே கையில் எடுத்தது. விற்ற மீனின் பணத்தில் ஒரு பங்கு கடனுக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் போயிற்று. இத்தகைய சங்கங்கள் பெருகி 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. குமரிக் கடற்கரை வரை அது பரவிற்று. மீன் அதிகம் கிடைத்த நாளில் அதிகமாகவும் கிடைக்காத நாளில் ஒன்றும் இன்றியும் கடனைக் கட்டும் முறை, கடலை அறிந்தவர்கள் வகுத்த முறை.

இனி என்ன?

"அப்படியானால் திருவிழாவே வேண்டாமா? கானாவூரில் ஆண்டவர் திராட்சை இரசம் தரவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. தந்தார். அதற்குமுன் அந்த வீட்டின் குறையை முதலில் கண்டவர் அன்னை மரியா என்பதையும் நினைப்போம். மணவீட்டார் தலைகுனியுமுன், ஊர் அறியுமுன், ஓசையின்றி அவர் மகனிடம் போய்ச் சொன்னார். மாதாவின் பெயரால் தேர் இழுக்கும் நாம் மாதாவின் அந்தக் கண்ணை எங்கே வைத்திருக்கிறோம்?

"வட்டியின்றிக் கொடுத்தால் ஏமாற்றுவார்கள்" என்ற வாதமும் உண்டு. சிலர் ஏமாற்றுவார்கள் என்பது உண்மையே. சீராக்கும் அதை அறிந்திருந்தார். வாங்கும்போது கையை முத்தமிட்டுத் தரும்போது சாக்குச் சொல்பவரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அப்படி எழுதிய அதே அதிகாரத்தில்தான், ஆயினும் எளியவரிடம் பொறுமையாயிரு என்கிறார் (சீஞா 29:4-8). வாங்குபவர் வாக்குத் தவறாமல் திருப்பித்தரக் கடமைப்பட்டவர். அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆகவே நாம் முன்வைப்பவை எளியவை. திருமணத்தைத் திருப்பலியோடும் சிற்றுண்டியோடும் நடத்த வசதியுள்ள குடும்பங்கள் முதலில் முன்வரட்டும்; வசதியற்றவர் தொடங்கினால் அது வறுமை என்று பேசப்படும், வசதியுள்ளவர் தொடங்கினால்தான் அது வழக்கமாகும். திருநாள் வரி அவரவர் மனம்போல் இடும் காணிக்கையாகட்டும். வரவு செலவுக் கணக்கு கோவில் பலகையில் ஒட்டப்படட்டும். ஒவ்வோர் அன்பியத்திலும் ஒரு சிறு நிதி இருக்கட்டும். மருத்துவத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வட்டியின்றி அதிலிருந்து தரப்படட்டும். கந்துவட்டியில் சிக்கியவரைச் சட்டத்தின் துணையை நாடும்படி அழைத்துச்செல்ல, படித்த இரண்டு பேர் ஒவ்வொரு பங்கிலும் இருக்கட்டும்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1994-இல், 2000-ஆம் யூபிலி ஆண்டை முன்னிட்டு, ஏழை நாடுகளின் கடன்களைக் குறைக்கவோ நீக்கவோ வேண்டும் என்று குரல் கொடுத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2025-ஆம் யூபிலி ஆண்டை அறிவித்தபோது அதே வேண்டுகோளை மீண்டும் விடுத்தார். நாம் இரண்டையும் வாசித்துப் பாராட்டினோம். பணக்கார நாடுகள் மன்னிக்கவேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடே இல்லை. இரண்டு யூபிலிகளிலும் நம் தெருவில் எத்தனை வளையல்கள் வீடு திரும்பின?

ஆண்டவர் கற்பித்த செபத்தில் மத்தேயு எழுதிய மூலச்சொல்லுக்குக் கடன் என்பதே நேர்ப்பொருள். இயேசு பேசிய அரமேயத்திலும் பாவத்துக்கும் கடனுக்கும் ஒரே சொல் வழங்கிற்று. தமிழிலும் அதற்கிணையான ஒன்று உண்டு. அடகு வைத்த நகையைத் திரும்பப் பெறுவதை நம் மக்கள் 'மீட்பது' என்கிறார்கள். சிலுவையில் நமக்காக உயிர் தந்தவரையும் 'மீட்பர்' என்கிறார்கள். நம்மால் அடைக்கவே முடியாத கடனை அடைத்து அவர் நம்மை மீட்டார் என்று ஒவ்வொரு ஞாயிறும் அறிக்கையிடும் நாம், அண்டை வீட்டுப் பெண்ணின் வளையலை மீட்க இந்தத் தவக்காலத்திலாவது ஒரு குடத்தைக் கொடுத்துப் பார்ப்போம். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்ற வார்த்தையைச் சொல்ல அதன் பிறகு நமக்கும் உரிமை உண்டாகும்.